வெள்ளைக் குதிரையைப் போட்டிக்குத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டிக்கு முந்தின நாள் மாலை. ஒரு வாளித் தண்ணீர், அரை பாட்டில் ஷாம்பு, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டுமே என்ற பதற்றம். வெளிர் நிறக் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இப்படி நின்றிருப்போம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளை ரோமம் ஒரு மாலைக் குளியலில் கிடைப்பதில்லை. அதற்கு முந்தைய பல வாரங்களில், லாயத்துத் தரையிலும் பிரஷ்ஷிலும்தான் அது உருவாகிறது.

குளித்த மறுநாளே ரோமம் பளபளக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பளபளப்பைத் தருவது தோலில் ஊறும் இயற்கை எண்ணெய். ஷாம்பு அழுக்கோடு சேர்த்து அந்த எண்ணெயையும் எடுத்துவிடும். ரோமம் வெளுத்திருக்கும், ஆனால் மங்கிப்போய் சிலும்பிக்கொண்டு நிற்கும். பிடரி மயிரும் வழுக்கும், பின்னல் பிடித்து நிற்காது. முழுக் குளியலைப் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் தினமும் பிரஷ் செய்து, கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்தால் போதும்.

இந்த ரோமத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகளில் பெரும்பாலானவை உண்மையில் கிரே குதிரைகள். கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுத்தவை. ரோமம் வெளுத்தாலும் உள்ளே தோல் கருப்புதான். ஆனால் முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ள இடத்திலும், பிறவியிலேயே வெள்ளையாக இருக்கும் கால் பகுதியிலும் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே வெயில் சுடும், சோப்பு எரியும், ஈரம் தங்கினால் புண் வரும். நம் வீட்டு ஷாம்புவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ குதிரைக்குப் போடக்கூடாது என்பதற்குக் காரணமும் தோல்தான். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, அதன் பிஎச் 5.5க்குப் பக்கத்தில் இருக்கும். குதிரைத் தோல் நடுநிலையான 7ஐ ஒட்டி இருக்கும். ஒன்றுக்குச் செய்தது மற்றதற்குப் பொருந்தாது. துணி வெளுக்கும் பிளீச்சை நீர்த்துப் பூசலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பெரிய தவறு படுக்கையில் இருக்கிறது. விலாவிலும் தொடையிலும் பின்கால் முட்டியிலும் விடாப்பிடியாக நிற்கும் அந்த மஞ்சள் கறை, குதிரை இரவில் சிறுநீரிலும் லத்தியிலும் படுத்ததால் வருவது. பட்டவுடன் துடைத்தால் ஈரத்துணியிலேயே போய்விடும். இரவு முழுக்க ஊறிக் காய்ந்தால் ரோமத்துக்குள் இறங்கிவிடும். பிறகு எந்த பாட்டிலை வாங்கினாலும் பாதிதான் போகும். ஆகவே ஷாம்புவுக்குச் செலவழிப்பதைவிட, இரவு படுக்கப் போகும் முன் ஒருமுறை லாயத்துக்குப் போய் லத்தியை அள்ளிவிட்டு, நனைந்த படுக்கையை எடுத்துப் புதிதாகப் போடுவது எவ்வளவோ மேல். வைக்கோலோ மரத்தூளோ எதுவானாலும் தாராளமாகப் போடுங்கள். மெல்லிய படுக்கை சீக்கிரம் விலகி, குதிரை ஈரத் தரையிலேயே படுத்துவிடும். காலையில் முதல் வேலையாகக் கறையைத் தேடுங்கள், தீனி போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இதே தர்க்கம்தான் வியர்வைக்கும். குதிரையின் வியர்வையில் உப்போடு லேத்தரின் என்ற புரதமும் உண்டு. தொடைகளுக்கு நடுவிலும் கடிவாள வார் உரசும் கழுத்திலும் நுரை வருவது அதனால்தான். வியர்வையைக் காய விட்டால் வெள்ளை ரோமத்தில் பழுப்பாகப் படியும். சவாரி முடிந்ததும் சேணம் இருந்த இடம், வயிற்று வார் இருந்த இடம், காதுக்குப் பின்புறம் ஆகியவற்றை வெறும் தண்ணீரில் கழுவி, நீரை வழித்துவிடுங்கள். ஷாம்பு தேவையே இல்லை.

சேற்றோடு வரும் குதிரையை உடனே நனைப்பது இன்னொரு பழக்கம். ஈரச் சேற்றைத் தேய்த்தால் அது ரோமத்தின் அடிவரை போகும். காயவிட்டு, ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்துக் கிளப்பி, நார் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கடைசியில் மெல்லிய பிரஷ். இந்த வரிசை மாறக்கூடாது. மூன்று நான்கு வீச்சுக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷை இரும்புச் சீப்பில் உரசித் தூசியைத் தட்டுங்கள். அழுக்குப் பிரஷ், அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

ஊதா ஷாம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அழுக்கை வெளுப்பதில்லை. மஞ்சளுக்கு எதிர் நிறமான ஊதாவை மேலே பூசி, கண்ணுக்கு மஞ்சள் தெரியாமல் செய்கிறது. முதலில் சாதாரண ஷாம்புவால் அழுக்கை எடுத்த பிறகுதான் இதற்கு வேலை. கூடுதல் நேரம் ஊறினால் கூடுதல் வெளுப்பு என்று நினைத்து நான் ஒருமுறை ஒரு கிரே பெண்குதிரையின் வாலில் பூசிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வால் இளம் ஊதாவாகி இருந்தது. எத்தனை முறை அலசியும் மறுநாள் வரை சாயல் போகவில்லை. பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடாதீர்கள். போட்டிக்கு வெகு முன்பே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

எந்த ஷாம்புவானாலும் அலசலை அவசரப்படுத்தக் கூடாது. வழியும் நீர் தெளிவாக வரும்வரை ஊற்ற வேண்டும். மிச்சம் தங்கினால் அரிப்பும் பொடுகும் வரும், தூசியும் அதில்தான் ஒட்டும். பிறகு கால்களை, முக்கியமாகக் குளம்புக்கு மேலே பின்பக்கம் உள்ள குழிவை, துண்டால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அடிக்கடி நனைந்து ஊறும் தோலில் டெர்மடோபிலஸ் என்ற கிருமி புகுந்து பொருக்குப் புண்ணை உண்டாக்கும். வெள்ளைக் கால்களை தினமும் கழுவி ஈரத்தோடு விடுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குளிர் நாளில் குளிப்பாட்டுவதே வேண்டாம். சூடான நீரில் துண்டை நனைத்து, சொட்டாமல் நன்றாகப் பிழிந்து, ரோமத்தின் எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வாருங்கள். துண்டு கருத்ததும் அலசிப் பிழிந்து மறுபடியும். தேய்க்காத பகுதியைப் போர்வையால் மூடி வையுங்கள். கைவலிக்கும் வேலைதான், ஆனால் குதிரை நடுங்காது.

சுத்தம் செய்த குதிரையைப் போர்வையால் மூடும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். போர்வை துவைத்ததா? புதிதாக இருந்தால் சாயம் போகுமா? அடர் நீலப் போர்வை லேசான ஈரத்திலேயே வெள்ளை முதுகில் இறங்கிவிடும். புதுச் சேணத்துணியும் அப்படித்தான். மினுமினுப்பு ஸ்ப்ரேயை வாலில் அடிக்கலாம், கறை ஒட்டாமல் காக்கும். சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் கூடவே கூடாது, வழுக்கும், சவாரி செய்பவருக்கு ஆபத்து.

முகத்தைச் சீராக்குகிறேன் என்று மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட உணர்மயிரை வெட்டிவிடாதீர்கள். குதிரை தன் மூக்குக்கு அருகில் உள்ளதை அறிவது அவற்றால்தான். 2021 ஜூலை 1 முதல், அவற்றை வெட்டிய குதிரையை சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் அனுமதிப்பதில்லை.

போட்டி நாள் காலையில் செய்யும் தவறுகள் சின்னவை. கடிவாளம் மாட்டிய பிறகு ஒரு வாய் பச்சைப் புல் கொடுத்தால், பச்சை நுரை மார்பில் வழியும். குளம்பு எண்ணெயை லாயத்திலேயே பூசினால் களம் போவதற்குள் அதில் தூசி அப்பிவிடும், கைதவறினால் வெள்ளைக் காலில் கோடு விழும். போட்டிக்கு நீங்கள் அணியும் கருப்புக் கோட்டை முன்னதாகவே போட்டுக்கொண்டு குதிரையைத் துடைத்தால், கோட்டெல்லாம் வெள்ளை மயிர். களத்துக்குக் கடைசியாகக் கையில் ஓர் ஈரத் துண்டும் ஓர் உலர் துண்டும் போதும். குதிரை வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகளை நடுவர் மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் டெஸ்டில் மதிப்பெண் அந்த அசைவுகளுக்குத்தான், ரோமத்தின் வெண்மைக்கு அல்ல. தோற்றத்தைப் பார்க்கும் ஷோ வகுப்புகள் வேறு. ஒரு முட்டியில் மெல்லிய மஞ்சள் மிச்சமிருந்தால், அதற்காகக் குதிரையைக் கடைசி நிமிடம் வரை தேய்த்து எரிச்சலாக்க வேண்டாம்.

வாலைக் காக்க இரவு முழுக்க இறுக்கிக் கட்டுப் போடுவது ஆபத்து. ரத்த ஓட்டம் தடைபட்டு வால் எலும்புக்கே சேதம் வரும், நனைந்த கட்டு இன்னும் இறுகும். எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே மயிரை மட்டும் பின்னி, துணிப் பையில் போட்டுக் கட்டுங்கள். அப்படி வாலைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வயதான கிரே குதிரைகளில் மெலனோமா எனும் தோல் கட்டி மிகச் சாதாரணம், முதலில் தென்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். சிறிய, கெட்டியான முடிச்சு கையில் பட்டால், எந்த நாளில் பார்த்தோம், எவ்வளவு பெரிது என்று குறித்து வைத்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.