இயற்கணித ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கும் பிள்ளைகளில் சிலராவது ஒவ்வொரு வருடமும் அல்ஜீப்ராவில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் தலைப்பு எடுக்கும்போதே பலர் வழி தவறிவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு வரையறையில் ஒரு நிபந்தனையைத் தளர்த்தி, புதுப்பெயர் சூட்டி, பழைய தேற்றங்களையே அந்தப் பெயரில் திரும்ப எழுதுகிறார்கள். அதில் கேள்வி எங்கே இருக்கிறது? கையால் போட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லாத தலைப்பை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இயற்கணிதம் வேறு, ஆப்டிமைசேஷன் (மிகச்சிறிய அல்லது மிகப்பெரிய மதிப்பைத் தேடும் கணிதம்) வேறு என்று நினைப்பதும் தவறு. பல்லுறுப்புக்கோவையின் மிகச்சிறிய மதிப்பைத் தேடும் துறையில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. ஏற்காடு ஏரியைப் பாருங்கள். சுற்றியிருக்கும் மேடுகளுக்கு அதுதான் பள்ளம், தண்ணீர் அங்கே தங்கிவிடுகிறது. ஆனால் சேலம் அதற்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. சரிவைப் பிடித்து இறங்கும் வழிமுறைகள் இப்படித்தான் ஏரியிலேயே நின்றுவிடும். எங்கே தேடினாலும் இதற்குக் கீழே இல்லை என்று நிரூபிக்க இயற்கணிதம் வேண்டும். கோவையிலிருந்து ஓர் எண்ணைக் கழித்து, மிச்சத்தை வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிட்டால் அந்த எண்ணே கீழ் எல்லை. பரிலோ, லாசேர் என்ற கணித ஆய்வாளர்கள் 2000, 2001 வாக்கில் இதைக் கணினியில் செய்யும் முறையாக வளர்த்தார்கள்.

இங்கேதான் பெரிய தவறு காத்திருக்கிறது. எப்போதும் குறை எண்ணாகாத கோவை என்றால் அது வர்க்கங்களின் கூட்டலாகத்தான் இருக்கும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. ஒரே மாறி என்றால் அது உண்மை. பொதுவாக உண்மையில்லை என்று கணித மேதை ஹில்பெர்ட் 1888-லேயே காட்டினார். கண்ணுக்குத் தெரியும் எடுத்துக்காட்டு 1967-ல்தான் மோட்ஸ்கின் என்ற கணிதவியலாளரிடமிருந்து வந்தது (க, ப இரண்டும் மாறிகள்):

க⁴ப² + க²ப⁴ + 1 − 3க²ப²

முதல் மூன்று உறுப்புகளுக்கும் பிளஸ் ஒன்னில் படித்த கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி விதியைப் போடுங்கள். இது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்று ஒரே வரியில் தெரியும். இப்போது இதை வர்க்கங்களின் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். அந்த வர்க்கங்களுக்குள் க³ வந்தால் க⁶ வரும். வர்க்கங்களின் கெழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாததால் அது போகவே போகாது. இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளினால் மிஞ்சுவது க²ப, கப², கப, 1 மட்டும். இவற்றிலிருந்து க²ப² பிறக்க கப-வின் வர்க்கம் ஒன்றே வழி. அப்படியானால் அதன் கெழு குறை எண்ணாக முடியாது. இங்கேயோ −3 நிற்கிறது! எந்த எண்ணைக் கழித்தாலும் இந்த −3 மாறாது. ஆகவே உண்மையான மிகச்சிறிய மதிப்பு 0 ஆக இருந்தும், இந்த முறையில் எந்தக் கீழ் எல்லையும் கிடைக்காது. ஆனால் 1 + க² + ப²-ஆல் பெருக்கிவிட்டால் வர்க்கங்களின் கூட்டலாகிவிடுகிறது. குறை எண்ணாகாத எந்தக் கோவையையும் தகுந்த ஒரு வர்க்கக் கூட்டலால் பெருக்கினால் வர்க்கங்களின் கூட்டலாக்கிவிடலாம் என்பது, கணிதவியலாளர் ஆர்ட்டின் 1927-ல் நிரூபித்த தேற்றத்திலிருந்து வருகிறது; அதன் உயிர் இங்கே தெரிகிறது. இந்த ஒரு கணக்கை நோட்டில் முழுதாகப் போட்டவருக்கு, பத்துக் கட்டுரைகளைப் புரட்டியவரைவிடத் துறை நன்றாகப் புரியும்.

இந்த வர்க்கக் கூட்டலைத் தேடித் தரும் கணினி நிரலான சால்வர் தரும் விடையை நிரூபணம் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. வர்க்கக் கூட்டலின் கெழுக்களை அது ஓர் அணியாக (மேட்ரிக்ஸ்) அடுக்கித் தருகிறது. கணினி தசம எண்களில் வேலை செய்கிறது. பூஜ்ஜியம் என்று அது சொல்வது மிகச்சிறிய ஒரு குறை எண்ணாகவும் இருக்கலாம். அந்த அணியைப் பின்ன எண்களுக்கு மாற்றிச் சரிபார்த்த பிறகே தேற்றம் என்று சொல்லலாம். அளவையும் முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். 6-ஆம் படியில் 10 மாறிகளுக்கு அணியின் பக்கம் 286, 20 மாறிகளுக்கு 1,771. கோவையில் சமச்சீர் இருந்தாலோ பல உறுப்புகள் இல்லாமல் இருந்தாலோ அதைப் பயன்படுத்தி அணியைச் சுருக்குவதே பல சமயம் ஆராய்ச்சியாகிவிடும்.

காசு வாங்கிக்கொண்டு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் வேண்டவே வேண்டாம்.

வாய்ப்புகளைத் தாமதமாகத் தெரிந்துகொள்வதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிக இழப்பு. கணித மாணவர்களுக்கான கோடைக்கால எம்.டி.டி.எஸ். பயிற்சி, தேசிய உயர்கணித வாரியத்தின் (என்.பி.எச்.எம்.) உதவித்தொகை, சென்னையில் சிறுசேரியிலும் தரமணியிலும் உள்ள கணித நிறுவனங்களில் (சி.எம்.ஐ., ஐ.எம்.எஸ்சி.) சேரும் முறை பற்றியெல்லாம் பி.எஸ்சி. படிக்கும்போதே விசாரியுங்கள். வெளியூர்ப் பேராசிரியருக்கு எழுதும்போது, ‘ஐயா, உங்களிடம் சேர விரும்புகிறேன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவருடைய கட்டுரையில் எந்தத் துணைத்தேற்றம் வரை புரிந்தது, எந்த வரியில் நின்றீர்கள், அங்கே எந்த எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.