வயிறும் மனசும் சேர்ந்து படுத்தும்போது என்ன செய்வது

நம்ம ஊரில் வயிறு சரியில்லை என்றால் முதலில் ஓமத்திரவம், அதில் கேட்காவிட்டால் மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை, அதற்கும் மேலே போனால் எண்டோஸ்கோப்பி. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் "எல்லாம் உன் நெனப்புதான்" என்று வீட்டிலேயே முடித்துவிடுவார்கள். இது எனக்கு ஆகவே ஆகாது. ஸ்கோப்பில் புண், கட்டி தெரியும். குடல் எந்த வேகத்தில் ஓடுகிறது, அதன் நரம்பு எவ்வளவு கூசிப்போயிருக்கிறது என்பது தெரியாது. வலி நிஜமான வலிதான்.

கவலை வந்தால் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது, அது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைக் கிளப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியைக் கிளப்ப, பதற்ற ஹார்மோனான கார்ட்டிசால் ஏறுகிறது. இந்த சி.ஆர்.எச். இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை விரட்டும். அதனால்தான் ஒரே ஆளுக்குச் சாப்பிட்டது நெஞ்சுக்குள்ளேயே நிற்கிற மாதிரியும் இருக்கும், காலையில் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்கு ஓடவும் வேண்டியிருக்கும். மனச்சோர்வு உள்ள பலருக்கு இந்த ஹார்மோன் ஓட்டம் அடங்குவதே இல்லை. குடலும் சும்மா இருக்காது, அதன் தொல்லையை, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், மனசு இன்னும் சோர்ந்துபோகும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி, மனசு எப்படி, தூக்கம் எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள், பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் சேர்த்து, ஏனென்றால் அந்த நாட்களில் ஹார்மோன் இறங்கும்போது பலருக்கு வயிறு இளகும். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள்: காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, மடியில் சுளகை வைத்துக் குனிந்தால் நிமிர மூன்று மணி, அப்புறம்தான் சோறு, அதையும் கணக்கு ஒப்படைக்கிற பதற்றத்தில் அள்ளிப் போட்டுக்கொள்வது. சாயங்காலம் வயிறு உப்பாமல் என்ன செய்யும்? நோட்டில் எழுதினால் இது கண்ணுக்கு நேரே தெரியும், முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டு நேரம் என்றும் தெரியும். டீக்கு முன்னால் ஒரு வாய் பழைய சோறாவது போகட்டும். தினமும் கொஞ்சம் நடங்கள், வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுங்கள், சாப்பிட்ட கையோடு படுக்காதீர்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ராத்திரி தூக்கத்தையே கலைக்கும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, ஐம்பதைத் தொடும் வயதில் புதிதாக வந்த தொந்தரவு, இதில் ஒன்று இருந்தாலும் மனசு காரணம் என்று ஒதுக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். மலச்சிக்கலும் சோர்வும் சேர்ந்தே இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தைராய்டு குறைந்தாலும் இதே இரண்டும் வரும்.

டாக்டரிடம் போகும்போது வயிற்றை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்பதையும் சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது, அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்து மாசக்கணக்கில் இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது.

மாத்திரை கொடுத்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். நரம்புகளுக்குள் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள், உடம்பில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அதனால் செரட்டோனினைத் தொடும் மனச்சோர்வு மாத்திரைகள் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலோ வயிற்றுப்போக்கோ தரலாம். பெரும்பாலும் அடங்கிவிடும், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் குடல் வலிக்கே எழுதுவதும் உண்டு. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.