2009 இரட்டைக் கழுகு தங்க நாணயம் வாங்குகிறீர்களா?

சிற்பி செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்து 1907-இல் வெளிவந்த, 'இரட்டைக் கழுகு' எனப்படும் அமெரிக்க 20 டாலர் தங்க நாணயத்தை, அந்நாட்டு நாணயச்சாலை 2009-இல் மிக உயர்ந்த புடைப்போடு மீண்டும் அச்சிட்டது. அழகென்றால் அப்படியொரு அழகு! வாங்கும்முன் அளந்து பாருங்கள்: எடை சுமார் 31.1 கிராம், விட்டம் 27 மி.மீ., தடிமன் 4 மி.மீ. பழைய நாணயம் 34 மி.மீ. அகலம், 90 சதவீதத் தங்கம், இதுவோ 99.99 சதவீதம். ஆண்டு ரோம எண்ணில் MMIX என்றிருக்கும். சுற்றிலும் 50 நட்சத்திரங்கள், 1907-இல் 46தான்.

அப்புறம், இவ்வளவு சுத்தமான தங்கம் ரொம்ப மென்மை. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பளபளப்புக்காகத் துணியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்; கீறல் விழுந்தால் சேகரிப்பாளர் தரும் விலை இறங்கிவிடும்.