பழைய எம்ஜிபி காரைப் புதுப்பிக்கும்போது ஆர்வக் கோளாறில் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்றும் நிறைய ஓடுகின்றன, உதிரி பாகங்களுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை. அதன் 1798 சிசி எஞ்சின் நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். அம்பாசிடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் அதே பி-சீரிஸ் குடும்பம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே வைத்து வேலை பார்க்கக்கூடிய எளிமையான கார். ஆனால் கவனிக்காமல் விட்டதால் கெட்ட எம்ஜிபி எவ்வளவு உண்டோ, வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் கெட்டதும் அவ்வளவு உண்டு.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. பளபளக்கும் பெயின்டையும் குரோமையும் பார்த்து மயங்குகிறோம். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அதிலும் கூரை திறந்த ரோட்ஸ்டரில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. பல தகடுகளை அடுக்கிச் செய்த அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே எப்போதோ அரித்துவிட்டது. ஒரு காந்தம் கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அப்புறம் ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவின் இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பாடி வளைகிறது என்று அர்த்தம்.

சரி, வாங்கியாயிற்று, சில்லும் மாற்ற வேண்டும். இங்கேதான் மிகப் பெரிய சேதம் நடக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிட்டால், தாங்க ஆளில்லாமல் கார் நடுவில் தொய்ந்துவிடும். அந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் தொய்வும் நிரந்தரம். கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் இரும்புச் சட்டம் வைத்து முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். கதவை நடுநடுவே மாட்டி மூடிப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாடி மொத்தமும் போய்விட்டால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. விலை அதிகம்தான். ஆனால் ஓட்டை மேல் ஓட்டையாக அடைப்பதைவிட அது லாபமாக முடிந்த கதைகள் உண்டு.

ஓடுகிற காரை ஒரே வாரத்தில் மொத்தமாகப் பிரித்துப் போடுவது அடுத்தது. போட்டோ எடுக்காமல், போல்ட்டுகளைப் பெயரெழுதிய பைகளில் போடாமல் பிரித்த கார்கள்தான் பாதி வேலையில் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகின்றன. ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரி செய்வதுதான் என் கட்சி. கழற்றிய பழைய பாகத்தை உடனே குப்பையில் போடாதீர்கள். புதிதாக வரும் ரோட்டார், கண்டென்சர் போன்ற இக்னிஷன் பாகங்கள் எல்லாம் பழசின் தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மின்சார வேலையில், 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது பாடியோடு இணைத்த முனை. இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ எலக்ட்ரானிக் இக்னிஷனையோ மாட்டினால் போய்விடும். விளக்கு மங்கினால், மின்சாரப் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது பழைய பழக்கம். பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த எர்த் இணைப்புதான். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் வயரிங்கையே மாற்றுவது வீண் செலவு.

எஞ்சின் தடுமாறினால் உடனே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யு கார்பரேட்டர்களைத் திருகுவதும் அப்படித்தான். வால்வ் இடைவெளி, இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, தீப்பொறி விழும் டைமிங், கடைசியில் கார்பரேட்டர் என்பதுதான் வரிசை. மூன்றும் சரியில்லாமல் கார்பரேட்டரைத் தொட்டால் எது எதனால் என்றே தெரியாமல் போகும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் திணறினால், கார்பரேட்டரின் மேலே உள்ள மூடியைக் கழற்றி, டேஷ்பாட் என்ற சிறு அறையில் ஆயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில், கியர் பாக்ஸ் என்றதும் கை தானாகக் கியர் ஆயிலுக்குப் போகும். மேனுவல் கியர் பாக்ஸ் உள்ள எம்ஜிபியில் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலைத்தான் அதற்கும் ஊற்ற வேண்டும். வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருந்தால் அதுவும் அதே ஆயிலில்தான் இயங்குகிறது. கியர் ஆயில் பின் ஆக்சிலுக்கு.

மாதம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பராமரிப்பு ஆகாது. எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

பெட்ரோல் குழாயை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள்; பழைய ரப்பர் குழாய்களில் அது விரிசல் விழ வைக்கும். எம்ஜிபியில் கார்பரேட்டர்கள் இருப்பது சைலன்சருக்குப் போகும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. ஒழுகினால் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயின் மேல் ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பானும் வையுங்கள். பெயின்ட் கடைக்காரர் அதுவரை காத்திருப்பார்.