நீலப் பெட்டி மறித்தால்: நம்பகமான மென்பொருளை ஏற்றும் வழி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் புது கம்ப்யூட்டர் வந்தால் முதல் வேலை, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஏற்றுவது. அங்கேதான் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்பு வசதி நீலப் பெட்டியைக் காட்டி மறிக்கும். வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதிகம் பேர் பதிவிறக்காத கோப்பு, தயாரிப்பாளர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்பு என்றாலே இப்படித்தான்.

முதலில் கோப்பு அசலா என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் பென் டிரைவில் தந்தது வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். அங்கே எஸ்ஹெச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்ஹெச்ஏ' மெனுவில் எஸ்ஹெச்ஏ-256ஐ எடுத்தால் அந்தக் குறியீட்டின் 64 எழுத்தும் வரும். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிடுங்கள்.

சரியாக இருந்தால் 'மோர் இன்ஃபோ'வை அழுத்துங்கள். அதன் பிறகுதான் 'ரன் எனிவே' தலைகாட்டும். பலர் திணறுவது இங்கேதான். இன்னொரு வழி: வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' டிக், ஓகே. ஜிப் கோப்பென்றால் பிரிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் தடை உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

'ரன் எனிவே' வரவே இல்லையா? விண்டோஸ் 11 என்றால் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் என்ற இன்னொரு பாதுகாப்பு வசதி ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு தர முடியாது. கையொப்பமுள்ள புதுப் பதிப்பைத் தேடுங்கள்.

விண்டோஸின் ஆன்ட்டி வைரஸான டிஃபெண்டர் 'ட்ரோஜன்' (நல்ல மென்பொருள் வேடமிட்ட தீய நிரல்) என்று பெயர் சொல்லித் தடுத்தால் கதையே வேறு. "ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்கண்ணே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோப்பைத் தொடாமல் தயாரிப்பாளரிடமே விசாரியுங்கள்.