ஜெபத்திற்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

சூரியன் அஸ்தமித்த பிறகும் பட்டணத்தார் எல்லாரும் நோயாளிகளோடு வாசலில் வந்து கூடியிருந்த ஒரு நெடிய நாளுக்கு மறுநாள்தான், இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதுகிறார் (1:32-35). வேலை ஓய்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்றும் சீமோனும் உடனிருந்தவர்களும் அவரைத் தேடிப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

ஆகவே, மீந்த நேரத்தை எதிர்பார்க்காமல், நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு ஜெபத்தை இணைத்துவிடுங்கள். எழுந்தவுடன், கைபேசியைத் தொடுவதற்கு முன் என்பது பலருக்கும் பொருந்தும். இரவுப்பணி செய்பவருக்கும் கைக்குழந்தையுள்ள தாய்க்கும் அதிகாலையே உகந்தது என்று வற்புறுத்துவது, என் கருத்தில், தேவையற்ற சுமை; வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் சங்கீதக்காரன் அந்தி, சந்தி, மத்தியானம் என மூன்று வேளைகளையும் சொல்கிறான் (55:17). அவற்றில் உங்களால் காக்க முடிந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். முதல் வாரமே ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் குற்றவுணர்வோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்து, அதில் மனதைத் தொட்ட வரியையே ஸ்தோத்திரமாகவோ அறிக்கையாகவோ திருப்பிச் சொல்லி, பிறர் தேவைகளுக்காக விண்ணப்பம் செய்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு (‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’) முடிக்கலாம். வார்த்தை வராத நாளில் அந்த ஜெபத்தை மட்டும், ஒவ்வொரு வேண்டுதலாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் அதுவும் ஜெபமே.

இடமும் முக்கியம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்ட இயேசு சொன்னதன் நோக்கம் மனிதர் காண ஜெபிக்கும் வேஷத்தைத் தவிர்ப்பது என்றாலும் (மத்தேயு 6:5-6), கவனம் சிதறாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. தனி அறை இல்லாதவர்களுக்கு ஒரே மூலை, ஒரே நாற்காலி போதும். முடிக்காத வேலைகள் நினைவுக்கு வந்தால் அவற்றோடு போராடாமல், அருகில் வைத்த தாளில் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

பயணத்திலும் வேலைக்கு நடுவிலும் ஏறெடுக்கும் ஒரு வரி ஜெபங்கள் இதற்கு மாற்றாகிவிடுமா என்று கேட்கப்படுவதுண்டு. பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனான நெகேமியா, ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில் ஜெபித்தான் (நெகேமியா 2:4-5). ஆனால் அதற்கு முன்னரே, கிஸ்லேவ் என்னும் யூத மாதம் தொடங்கி, உபவாசித்து இரவும் பகலும் மன்றாடியவன் அவன். குறுஞ்ஜெபம் அந்தப் பழக்கத்திலிருந்து எழுந்தது.

ஒரு நாள் தவறினால், அதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். அதே வேளையில், அதே பத்து நிமிடத்திற்குத் திரும்புங்கள். தொடர்ந்து பல நாட்கள் தவறினால், தேர்ந்த வேளை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று கொண்டு, அதை மாற்றிப் பாருங்கள்.