யூ.பி.எஸ். வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி, கரண்ட் போனதும் கணினியைச் சற்று நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் யூ.பி.எஸ்.ஸை வாங்குகிறவர்கள்தான் அதிகம். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றால் 600 வாட் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் 600 விஏ யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். அந்த எண் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். கடிதம், கணக்கு வேலைகளுக்கான கணினியும் மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட் எடுக்கும். அதற்கு இது தாராளம். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும் பிள்ளையின் கணினி 360 வாட்டை எளிதில் தாண்டிவிடும். கரண்ட் போன நொடியே யூ.பி.எஸ். அலறிவிட்டு அணையும்.

"எத்தனை மணி நேரம் வரும்?" என்று கடையில் கேட்பதே தவறான கேள்வி. நிமிடங்களில் கேட்க வேண்டும். உள்ளே இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றுதான். பெருக்கினால் 84 வாட்-ஹவர், அதாவது 84 வாட் சுமையை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. ஆனால் ஈய-அமில பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் சுமார் பாதிதான் தேறும். 120 வாட் சுமைக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் நல்லது. செய்த வேலையைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும். மின்வெட்டு முழுவதும் வேலை நடக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டர்தான் வழி. அதையும் சைன் வேவ் வகையாக (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகத் தருவது) பார்த்து வாங்கி, கரண்ட் போனதும் வேகமாகப் பேட்டரிக்கு மாறும் யூ.பி.எஸ். மோடில் வையுங்கள். மின்சாரம் நின்றால் கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பகுதியான எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. தாளில் மையை உருக்கி ஒட்டும் உருளை சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும்.

பேட்டரிக்கு எதிரி வெயில். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பார்கள். நம் ஊர் சித்திரையில், மூடிய அலமாரிக்குள் வைத்த யூ.பி.எஸ். இரண்டு வருடத்தில் சோர்ந்துபோவதில் வியப்பில்லை. உடனே புதிய யூ.பி.எஸ். வாங்க வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றலாம். பழையதைக் கடையிலேயே கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். செய்த வேலையைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்தால் போதும். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்தே போய்விடும்.